இருபது நிமிட அடிதடியும் பதினெட்டு மாதத் தடையும்: 1987 பியெஷ்டியானி ஆட்டத்தின் கதை

1987 ஜனவரி 4. செக்கோஸ்லோவாக்கியாவில், இன்றைய ஸ்லோவாக்கியாவில், பியெஷ்டியானி என்ற வெந்நீர் ஊற்று ஊர். மூட்டுவலிக்காரர்கள் சிகிச்சைக்கு வரும் அமைதியான இடம். அங்கே இருபது வயதுக்கு உட்பட்டோருக்கான உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கிப் போட்டியின் கடைசி ஆட்டம். கனடாவும் சோவியத் யூனியனும் மோதின. மூன்று பகுதிகள் கொண்ட ஆட்டத்தின் இரண்டாம் பகுதியில் கனடா 4-2 என்று முன்னிலையில் இருந்தபோது ஆட்டம் நின்றது. நின்றது நின்றதுதான், மறுபடி தொடங்கவேயில்லை. இரண்டு அணிகளும் போட்டியிலிருந்தே தூக்கி எறியப்பட்டன. பதக்கம் உறுதியான நிலையில் களமிறங்கிய கனடா வெறுங்கையோடு ஊர் திரும்பியது.

ஐஸ் ஹாக்கி உலகில் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசாத ஆளில்லை. ஆனால் பெரும்பாலும் பேசப்படுவது அடிதடி மட்டும்தான். அதற்குப் பிறகு வந்த தண்டனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யார் தப்பு செய்தார்கள், யார் செய்யவில்லை, யார் ஆரம்பித்தார்கள், யார் ஒதுங்கி நின்றார்கள் என்று பார்க்காமல் ஒரே கோலால் அடித்த தண்டனை அது. அதனால் அந்தத் தண்டனை யாரையும் திருத்தவில்லை. திருத்தும் விதி வேறொரு இடத்தில், வேறொரு சண்டைக்குப் பிறகு, அதே ஆண்டில் எழுதப்பட்டது.

முதலில் புள்ளிக் கணக்கைப் பார்த்துவிடலாம். அது புரியாமல் மற்றது எதுவும் புரியாது.

அப்போது உலக ஜூனியர் போட்டியில் அரையிறுதி, இறுதி என்று எதுவும் கிடையாது. எட்டு நாடுகள், ஒவ்வொரு நாடும் மற்ற ஏழு நாடுகளோடும் ஒருமுறை ஆட வேண்டும். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஒன்று. கடைசியில் அதிகப் புள்ளி எடுத்தவருக்குத் தங்கம். கடைசி ஆட்டத்துக்கு வரும்போது கனடாவின் கணக்கு நான்கு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். ஃபின்லாந்து 11 புள்ளிகளோடு உச்சியில் இருந்தது. சோவியத்தை வென்றால் கனடாவுக்கும் 11. இந்த இரண்டு அணிகளும் மோதிய ஆட்டம் 6-6 என்று சமனில் முடிந்திருந்ததால் கோல் வித்தியாசம் பார்க்க வேண்டும். அந்தக் கணக்குப்படி கனடா ஐந்து கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் தங்கம், அதற்குக் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தால் வெள்ளி, தோற்றாலும் வெண்கலம்.

சோவியத் அணிக்கோ எதுவும் இல்லை. முந்தைய ஆண்டு, 1986-இல், தங்கம் வென்ற நாடு அது. இந்த முறை இரண்டு வெற்றி, மூன்று தோல்வி, ஒரு சமன். பதக்க வாய்ப்பு முடிந்துபோயிருந்தது. ஒரு பக்கம் ஐந்து கோல் வித்தியாசத்துக்காகத் துடிக்கிற அணி, மறுபக்கம் இழக்க எதுவும் இல்லாத, மனம் கசந்துபோன அணி. கடைசி நாளில் இப்படி ஓர் ஆட்டம் வந்து விழுவதற்குப் போட்டியின் அமைப்பே இடம் கொடுத்தது. உலக ஜூனியர் போட்டிக்கு நாக் அவுட் சுற்று வந்தது 1996-இல்தான்.

இதோடு பழைய பகையும் சேர்ந்துகொண்டது. 1972-இல் கனடாவின் தொழில்முறை வீரர்களும் சோவியத் தேசிய அணியும் எட்டு ஆட்டங்கள் கொண்ட தொடரில் மோதினார்கள். அதன் ஆறாவது ஆட்டத்தில் பாபி கிளார்க் என்ற கனடிய வீரர், சோவியத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் வலேரி கார்லமோவின் கணுக்காலை மட்டையால் ஓங்கி அடித்தார். கடைசி ஆட்டத்தில் 34 நொடி மிச்சமிருக்கும்போது பால் ஹெண்டர்சன் போட்ட கோலால் கனடா தொடரை வென்றது. அந்தக் கோலைக் கனடாவில் இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். அந்தக் கணுக்காலைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1976 ஜனவரியில் மாஸ்கோவின் ராணுவ அணி ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தபோது, அதே கார்லமோவ் மறுபடி தாக்கப்பட்டார். சோவியத் அணி ஆட்டத்தை விட்டு வெளியேறி, ஆடாவிட்டால் பணம் வராது என்று எச்சரிக்கப்பட்ட பிறகுதான் திரும்பி வந்தது. இப்படி ஒரு கசப்பு தலைமுறை தாண்டி அந்தப் பையன்களிடம் வந்து சேர்ந்திருந்தது. பனிப்போர்க் காலம் வேறு.

இரண்டு நாட்டுப் பையன்களும் இரண்டு வேறு ஒழுங்குக்குள் வளர்ந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவில், என்.ஹெச்.எல். என்ற தொழில்முறை லீக்கிலும் அதற்கு ஆள் தயாரிக்கும் ஜூனியர் லீக்குகளிலும், முஷ்டிச் சண்டைக்கு ஐந்து நிமிடம் பெனால்டி பெட்டியில் உட்கார்ந்தால் போதும். அப்புறம் வந்து ஆடலாம். தன் அணிக்காரனை எதிரணி அடித்தால் தட்டிக்கேட்பது அங்கே கடமை மாதிரி. சர்வதேச விதியில் அந்த இடமே கிடையாது. சண்டை போட்டால் ஆட்டத்தை விட்டு வெளியே. சோவியத் ஆட்டக்காரர்கள் முஷ்டி உயர்த்திப் பழகாதவர்கள். அவர்கள் பழிதீர்க்கும் விதம் மட்டையாலும் ஸ்கேட்டாலும் தலையாலும். கனடாக்காரர்களுக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. சோவியத் பையன்களுக்குக் கையுறையைக் கழற்றி எறிந்து முகத்தில் குத்துவது காட்டுமிராண்டித்தனமாகப் பட்டிருக்கும். இரண்டு தரப்புக்குமே, எல்லை மீறியது எதிராளிதான்.

எச்சரிக்கை மணி முன்பே அடித்திருந்தது. அதே போட்டியில் கனடாவும் அமெரிக்காவும் மோதவிருந்த ஆட்டத்துக்கு முன்பு, உடம்பைச் சூடுபடுத்தும் நேரத்திலேயே இரு அணிகளும் பனித்தளத்தில் அடித்துக்கொண்டன. அணிக்கு ஒருவர் வீதம் ஒரே ஓர் ஆட்டத் தடை விதித்துவிட்டுச் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு அதைக் கடந்து போனது. அணி முழுக்க இறங்கி அடித்தால் ஒருவர் உட்கார்ந்தால் போதும் என்பதுதான் அந்தப் பையன்கள் அதிலிருந்து கற்றுக்கொண்ட கணக்கு.

அடுத்து நடுவர் தேர்வு. கனடா-சோவியத் ஆட்டத்துக்கு நார்வேயைச் சேர்ந்த ஹான்ஸ் ரோனிங்கைப் போட்டார்கள். எந்தப் பக்கமும் சாராத நாடு என்பதுதான் அவருக்கு இருந்த பெரிய தகுதி. இந்த அளவு சூடான ஆட்டத்தை நடத்திப் பழகியவர் இல்லை. நடுநிலை என்பது நடுவருக்கு வேண்டிய முதல் குணம், சரி. ஆனால் இப்படிப்பட்ட ஆட்டத்தில் முதல் பத்து நிமிடத்துக்குள் நான்கைந்து பேரைப் பெட்டிக்குள் அனுப்பி, விசில் யார் கையில் இருக்கிறது என்று காட்டத் தெரிந்தவர் வேண்டும். அந்த ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே முழங்கையும் மட்டையும் விளையாடின. பல அடிகள் தண்டனையில்லாமல் போயின. ஒவ்வொன்றும் கணக்கில் சேர்ந்துகொண்டே வந்தது.

முதல் கோலைப் போட்டவர் தியோரன் ஃப்ளூரி. ஐந்தடி ஆறு அங்குல உயரம், அந்த விளையாட்டுக்கு மிகக் குள்ளம், ஆனால் அணியிலேயே அதிகக் குறும்பும் வெறியும் உள்ளவர். கோல் போட்ட மகிழ்ச்சியில் பனியில் மண்டியிட்டு வழுக்கிக்கொண்டே போய், தன் மட்டையை இயந்திரத் துப்பாக்கி மாதிரி பிடித்து, சோவியத் பெஞ்சைப் பார்த்துச் சுடுவதுபோல ஆட்டினார். பதினெட்டு வயதுப் பையனின் கொண்டாட்டம்தான். அந்த நாளில் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

இரண்டாம் பகுதி முடிய ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல் இருந்தது. சோவியத் வீரர் பாவெல் கோஸ்திச்கின் இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்து ஃப்ளூரியை அடித்தார். ஃப்ளூரி திருப்பினார். பக்கத்தில் எவரெட் சானிபாஸும் செர்கெய் ஷெஸ்தெரிகோவும் கட்டிப் புரண்டார்கள். அதற்குள் தளத்தில் இருந்த பத்துப் பேரும் ஜோடி ஜோடியாக மோதத் தொடங்கிவிட்டார்கள். இது வரைக்கும் நடந்ததை நடுவர்கள் சமாளித்திருக்கலாம். ஐஸ் ஹாக்கியில் இந்த மாதிரிக் காட்சிகள் வந்து போகும்.

அப்புறம் நடந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. சோவியத் பெஞ்சிலிருந்து எவ்கெனி டாவிடோவ் தடுப்பைத் தாண்டிக் குதித்துச் சண்டைக்குள் பாய்ந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய பெஞ்ச் முழுக்க இறங்கியது. அதைப் பார்த்த கனடிய பெஞ்சும் காலியானது.

பெஞ்ச் காலியாவது என்றால் என்ன என்று ஐஸ் ஹாக்கி பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஓர் அணியில் ஆட்டத்துக்கு 20 பேர். தளத்தில் ஒரு நேரத்தில் ஆறு பேர்தான், அதில் ஒருவர் கோல் காப்பவர். மிச்சம் 14 பேர் பெஞ்சில் உட்கார்ந்து தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். அவர்களும் இறங்கிவிட்டால் தளத்தில் ஏறக்குறைய 40 பேர், எல்லோர் காலிலும் கத்தி மாதிரி ஸ்கேட், கையில் மட்டை. பிரித்துவிட இருப்பது மூன்று பேர்: ஒரு நடுவரும் இரண்டு துணை நடுவர்களும். ஒரு ஜோடியைப் பிரித்தால் மறுபக்கம் மூன்று ஜோடி. ரோனிங்கும் துணை நடுவர்களும் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டுத் தளத்தை விட்டே வெளியேறிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கேட்க ஆளில்லை. பிற்காலத்தில் என்.ஹெச்.எல்.லில் மிகப் பெரிய தடுப்பாட்டக்காரராகப் பெயர் வாங்கிய விளாதிமிர் கான்ஸ்தான்தினோவ், கிரெக் ஹாகுட்டின் முகத்தில் தலையால் முட்டி மூக்கை உடைத்தார். கனடாவின் ஸ்டெஃபான் ருவா இரண்டு சோவியத் வீரர்களிடம் மாட்டி அடி வாங்கினார். மைக் கீனும் வலேரி செலெபுகினும் நடுத்தளத்தில் நின்று குத்திக்கொண்டார்கள். கூட்டம் விசிலடித்தது. என்ன செய்வதென்று தெரியாத அமைப்பாளர்கள் கடைசியில் அரங்கின் விளக்குகளை அணைத்தார்கள். இருட்டிலும் சண்டை தொடர்ந்தது. மொத்தம் இருபது நிமிடம் இருக்கும்.

விளக்கை அணைத்தது புகழ்பெற்ற காட்சியாகிவிட்டது. எனக்கு அது வெறும் பொறுப்பற்ற செயலாகத்தான் தெரிகிறது. ஸ்கேட் கட்டிய நாற்பது பேர் ஒருவரையொருவர் பனியில் சாய்த்துக்கொண்டிருக்கும்போது இருட்டாக்கினால், யாருடைய கழுத்து யாருடைய ஸ்கேட்டுக்குக் கீழே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த இரவு யாரும் சாகவில்லை என்பது முழுக்க அதிர்ஷ்டம்.

எல்லோரும் இறங்கினார்கள் என்று சொல்லிவிட்டேன். முழு உண்மை அதுவல்ல. கனடா அணியில் இரண்டு பேர் சண்டையில் சேரவில்லை. ஒருவர் கோல் காப்பவர் ஜிம்மி வெய்ட். ஆட்டம் தொடர்ந்தால் தான் வெளியேற்றப்பட்டிருக்கக் கூடாது என்று கணக்குப் போட்டு ஒதுங்கி நின்றார். மற்றவர் பியர் டுர்ஜோன். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். சுற்றியிருந்த அத்தனை பேரும் போய்விட்ட பிறகும் எழவில்லை. அவருக்கு அப்போது பதினேழு வயது.

ஆட்டம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. உடனே அவசரக் கூட்டம். கூட்டமைப்பின் தலைவர் மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த குந்தர் சபெட்ஸ்கி. போட்டியில் ஆடிய எட்டு நாடுகளின் பிரதிநிதிகளும் அமர்ந்து வாக்களித்தார்கள். இரண்டு அணிகளையும் போட்டியிலிருந்து நீக்குவதற்கு ஆதரவாக 7, எதிராக 1. அந்த ஒன்று கனடாவின் டென்னிஸ் மெக்டொனால்ட். சோவியத் பிரதிநிதி தன் அணியையும் சேர்த்து நீக்கவே வாக்களித்தார். அவருக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பதக்கம் இல்லாத அணிக்கு நீக்கம் ஒரு பெயர்க்கெடுதல் மட்டும்தான்.

மற்ற வாக்குகளைப் பாருங்கள். அன்று கனடா ஜெயித்திருந்தால் செக்கோஸ்லோவாக்கியா வெண்கலத்துக்கு இறங்கியிருக்கும், ஸ்வீடனுக்குப் பதக்கமே கிடைத்திருக்காது. ஐந்து கோல் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தால் ஃபின்லாந்தின் தங்கமும் போயிருக்கும். நீக்கத்துக்குப் பிறகு தங்கம் ஃபின்லாந்துக்கு, அந்த நாட்டின் முதல் உலக ஜூனியர் தங்கம். வெள்ளி செக்கோஸ்லோவாக்கியாவுக்கு, வெண்கலம் ஸ்வீடனுக்கு. இந்த மூன்று நாடுகளின் பிரதிநிதிகளும் அந்த அறையில் வாக்களித்தவர்கள். அவர்கள் பதக்கத்துக்காகத்தான் கை தூக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த அடிதடியைப் பார்த்த எவருக்கும் இரண்டு அணிகளையும் வெளியே அனுப்பத்தான் தோன்றியிருக்கும். ஆனால் தீர்ப்பால் லாபம் அடைபவர்களே தீர்ப்பு எழுதினால் அந்தத் தீர்ப்பின் மேல் ஒரு கறை இருந்துகொண்டேயிருக்கும். ஆட்டம் நடத்துவதற்கு நடுநிலை நாட்டு நடுவரைத் தேடிப் பிடித்த கூட்டமைப்பு, தண்டனை வழங்கும்போது அந்த நடுநிலையைத் தேடவில்லை.

கனடிய அணியை அன்றிரவே ஊரை விட்டுக் கிளம்பச் சொன்னார்கள். ஆயுதம் ஏந்திய காவலர்கள் துணைக்கு வர, தோல்வியும் இல்லாத வெற்றியும் இல்லாத ஓர் அணி பேருந்தில் ஏறியது.

அடுத்து தனித் தண்டனைகள். சண்டையில் இறங்கிய வீரர்களுக்குச் சர்வதேச ஆட்டங்களில் 18 மாதத் தடை. கனடாவின் பயிற்சியாளர் பெர்ட் டெம்பிள்டனுக்கும் சோவியத் பயிற்சியாளர் விளாதிமிர் வாசிலியெவுக்கும் மூன்று ஆண்டு. கேட்கக் கடுமையாக இருக்கும். 1987 ஜனவரியிலிருந்து 18 மாதம் என்றால் 1988 ஜூலை வரை. இடையில் வருகிற அடுத்த உலக ஜூனியர் போட்டியும், 1988 பிப்ரவரியில் கால்கரியில் நடக்கவிருந்த குளிர்கால ஒலிம்பிக்கும் இந்தக் காலத்துக்குள் அடங்கிவிடும்.

அந்த அடுத்த ஜூனியர் போட்டி நடக்கவிருந்த இடம் மாஸ்கோ. தடையை அப்படியே வைத்திருந்தால் போட்டியை நடத்தும் நாடு தன் சிறந்த பையன்கள் சிலரை விட்டுவிட்டு ஆட வேண்டும், கனடாவும் அப்படியே. இரண்டு நாடுகளும் மேல்முறையீடு செய்தன. வீரர்களின் தடை ஆறு மாதமாகக் குறைந்தது. ஜனவரியில் தொடங்கிய ஆறு மாதம் ஜூலையில் முடியும். அந்த வயதுப் பையன்களுக்கு அந்தக் காலத்தில் பெரிய சர்வதேசப் போட்டி ஏதும் இல்லை. பனித்தளங்கள் உருகிக் கிடக்கிற கோடைக்குள் தடை கரைந்துபோனது. காகிதத்தில் தண்டனை, நடைமுறையில் ஒன்றுமில்லை.

இதன் விளைவு அடுத்த டிசம்பரில் தெரிந்தது. மாஸ்கோவில் கனடா அணியின் தலைவராக இறங்கியவர் தியோரன் ஃப்ளூரி. மூக்குடைபட்ட ஹாகுட்டும் அணியில் இருந்தார். ஒதுங்கி நின்ற வெய்ட் கோல் காத்தார், போட்டியின் சிறந்த கோல் காப்பவராகவும் தேர்வானார். கனடா தங்கம் வென்றது, சோவியத் யூனியனுக்கு வெள்ளி. அந்தப் பையன்கள் ஆடியதில் எனக்கு வருத்தமில்லை. பத்தொன்பது வயதுக்காரனின் வாழ்க்கையை ஓர் இரவுக்காக முடக்குவது நியாயமில்லை. ஆனால் முதலில் எட்டாத உயரத்துக்குத் தண்டனையைத் தூக்கிவைத்து, பிறகு யாருக்கும் வலிக்காத அளவுக்கு இறக்குவதால் விதிக்கு இருந்த மரியாதைதான் போகிறது. மூன்று மாதமோ, மூன்று ஆட்டமோ, உண்மையாகவே அனுபவிக்க வேண்டிய ஒன்றைக் கொடுத்திருக்கலாம்.

நிஜமான சுமையைச் சுமந்தவர் டெம்பிள்டன். கனடாவின் ஜூனியர் அணிக்கு அவர் பிறகு திரும்பவில்லை. முரட்டு அணிகளின் பயிற்சியாளர் என்ற பெயர் அவருக்கு ஏற்கெனவே இருந்ததால் பழி எளிதாக ஒட்டிக்கொண்டது. பெஞ்சுக்குப் பின்னால் நின்றவர் என்ற முறையில் அவருக்குப் பொறுப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அமெரிக்க அணியோடு நடந்த சண்டைக்குப் பிறகும் கண்டும் காணாமல் இருந்த கூட்டமைப்புக்கும், சமாளிக்கத் தெரியாத நடுவரை அனுப்பியவர்களுக்கும், விளக்கை அணைத்தவர்களுக்கும் அதே அளவு பொறுப்பு உண்டு. அவர்களில் யாருக்கும் தடை வந்ததாகப் பதிவில்லை.

கனடாவுக்குள் இந்தச் சம்பவம் நாட்டை இரண்டாகப் பிரித்தது. ஆட்டம் சி.பி.சி. தொலைக்காட்சியில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. டொராண்டோ ஸ்டூடியோவில் இருந்த பிரையன் வில்லியம்ஸ், இது வெட்கக்கேடு என்ற தொனியில் கண்டித்தார். அருகில் இருந்த முன்னாள் பயிற்சியாளர் டான் செர்ரி பையன்களுக்குப் பரிந்து பேசினார். சோவியத்துகள் முதலில் பெஞ்சை விட்டு வந்தபோது கனடியப் பையன்கள் தங்கள் தோழர்களைத் தனியாக விட்டிருக்க முடியுமா என்பதுதான் அந்தப் பக்கத்து வாதம். சோவியத்துகள் வேண்டுமென்றே கனடாவின் பதக்கத்தைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்ற பேச்சும் பரவியது. அதற்கு ஆதாரம் எதுவும் வெளியே வரவில்லை. டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் உரிமையாளர் ஹரால்ட் பல்லார்ட் தன் செலவில் தங்கப் பதக்கங்கள் செய்து அந்த அணிக்குக் கொடுத்தார். எதிராளி முதலில் இறங்கினான் என்பதை மட்டும் பார்த்தால் நாம் இறங்கியதைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த வசதி கனடியர்கள் பலருக்கும் பிடித்திருந்தது.

பரிந்து பேசியவர்களின் வாதத்தில் பாதி சரி, அந்தப் பாதியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பெஞ்ச் காலியாவது எப்படி நடக்கிறது? பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் கோபப்பட்டு இறங்குவதில்லை. ஒருவன் இறங்குகிறான். அவன் இறங்கியதும் தளத்தில் ஒரு பக்கம் ஆள் கூடுதல். உடனே எதிர்பக்கத்து ஒருவனோ இருவரோ தங்கள் ஆட்களைக் காப்பாற்ற இறங்கியே ஆக வேண்டும். அவர்கள் இறங்கியதும் முதல் அணியின் மிச்சப்பேர். கடைசியில் இறங்குகிறவனுக்குச் சண்டையில் ஆர்வமே இருக்காது, இறங்காமல் இருந்தால் தோழர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவன் கவலை. ஆக, கடைசியாக இறங்கியவனுக்கு எவ்வளவு பெரிய தண்டனை கொடுத்தாலும் அடுத்த முறையும் அவன் இறங்கத்தான் செய்வான். தடுக்க முடிகிற ஒரே ஆள் முதலாவதாகக் குதிப்பவன்.

பியெஷ்டியானி தீர்ப்பு இந்த இடத்தைத்தான் கோட்டை விட்டது. முதலில் குதித்த டாவிடோவுக்கும் இருபதாவதாகப் போனவனுக்கும் ஒரே தடை. அசையாமல் உட்கார்ந்திருந்த டுர்ஜோனுக்கும் மற்றவர்களோடு சேர்த்துப் பதக்கம் போனது. அதோடு நிற்கவில்லை. அவர் எழுந்து வராததை அணியினர் சிலர் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார்கள். அந்த இரவு விதிப்படி நடந்துகொண்ட பையன் கூட்டமைப்பிடமும் எதையும் பெறவில்லை, தன் அணியிடமும் கெட்ட பெயர் வாங்கினான். சேர்ந்து அடித்தாலும் சேராமல் இருந்தாலும் முடிவு ஒன்றுதான் என்றால், அடுத்த முறை உட்கார்ந்திருக்க யாருக்குத் தோன்றும்?

நான்கு மாதம் கழித்து, 1987 மே 14 அன்று, மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கில் வேறொரு சண்டை. என்.ஹெச்.எல். பிளே ஆஃப் சுற்றில் மாண்ட்ரியல் கனேடியன்ஸுக்கும் ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸுக்கும் ஆறாவது ஆட்டம். மாண்ட்ரியலின் கிளாட் லெமியூவுக்கு ஒரு பழக்கம்: சூடுபடுத்தும் நேரம் முடிந்து எல்லோரும் உள்ளே போகும்போது எதிரணியின் காலி கோலுக்குள் பக்கை, அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டை, அடித்துவிட்டுப் போவார். அது ராசி என்று நம்பினார். ஃப்ளையர்ஸ் அணியின் எட் ஹாஸ்போடார் அதைத் தடுக்கப் பாய, உடை மாற்றும் அறையிலிருந்து இரு அணிகளும் ஓடிவந்து, நடுவர்களே தளத்தில் இல்லாத நேரத்தில் அடித்துக்கொண்டன. சிலர் சட்டை இல்லாமல், சிலர் காலில் செருப்போடு. ஹாஸ்போடாருக்கு அந்த பிளே ஆஃப் முழுக்கத் தடை, மற்றவர்களுக்கு அபராதம்.

அந்த ஆண்டு என்.ஹெச்.எல். தன் விதியை இறுக்கியது. சண்டை நடக்கும்போது பெஞ்சை விட்டு முதலில் இறங்குகிறவனுக்குத் தானாகவே பத்து ஆட்டத் தடை, சம்பளமும் கிடையாது. அடுத்து இறங்குகிறவனுக்கு அதைவிடக் குறைவு. பயிற்சியாளருக்கும் தடையும் அபராதமும். விசாரணை, இரக்கம், மேல்முறையீட்டில் பேரம் என்று எதற்கும் பெரிய இடமில்லை. பத்து ஆட்டம் என்பது 18 மாதத்தோடு ஒப்பிட்டால் சின்னத் தண்டனைதான். ஆனால் அது கட்டாயம் வரும், இன்னார் மேல்தான் வரும் என்று பெஞ்சில் இருக்கும் ஒவ்வொருவனுக்கும் முன்கூட்டியே தெரியும். பெஞ்சுகள் மொத்தமாகக் காலியாகும் சண்டைகள் அதற்குப் பிறகு அந்த லீக்கில் கிட்டத்தட்ட மறைந்துபோயின. தனிச் சண்டைகள் மறையவில்லை, அது வேறு கதை.

இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2013 செப்டம்பரில் நடந்த ஒன்று போதும். டொராண்டோவுக்கும் பஃபலோவுக்கும் பயிற்சி ஆட்டம். பஃபலோவின் மிகப் பெரிய உருவம் கொண்ட ஜான் ஸ்காட், டொராண்டோவின் நட்சத்திரம் ஃபில் கெஸலைத் துரத்த, டேவிட் கிளார்க்சன் பெஞ்சிலிருந்து குதித்து ஓடினார். நண்பனைக் காப்பாற்றத்தான் போனார், நோக்கத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் பத்து ஆட்டம் உட்கார வேண்டியிருந்தது. தளத்தில் இருந்தவர்கள் அடித்துக்கொண்டார்கள், கோல் காப்பவர்கள் உட்பட. பெஞ்சுகள் காலியாகவில்லை.

அந்த சமயத்தில் என்.ஹெச்.எல்.லின் வீரர் பாதுகாப்புத் துறைக்குத் தலைவராக இருந்தவர் பிரெண்டன் ஷானஹன். 2011-இல் அந்தப் பொறுப்புக்கு வந்து, ஒவ்வொரு தடைக்கும் காரணம் சொல்லி, காட்சியை நிறுத்தி நிறுத்தி விளக்கும் காணொளிகளை வெளியிடத் தொடங்கியவர். இந்த வீரர் என்ன செய்தார், எந்த நொடியில் விலகியிருக்கலாம், முன்பு தண்டனை பெற்றிருக்கிறாரா, அடிபட்டவருக்கு என்ன ஆயிற்று என்று ஒன்றொன்றாகப் பிரித்துச் சொல்வார். தடை சரியா தவறா என்று ரசிகர்கள் சண்டை போட்டார்கள், ஆனால் தடை ஏன் என்று யாருக்கும் தெரியாமல் இருந்ததில்லை. இதே ஷானஹன் 1987-இல் பியெஷ்டியானியில் கனடா அணியில் இருந்தவர், சண்டையில் இறங்கியவர். பதினேழு வயதில் காரணம் பிரிக்காத ஒரு தீர்ப்பின் கீழ் நின்ற ஒருவர், நாற்பதைத் தாண்டிய வயதில் ஒவ்வொரு தீர்ப்பையும் காரணத்தோடு எழுதினார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, எனக்கு அப்படித் தோன்றுகிறது.

கனடாவும் சோவியத் யூனியனும் விளையாட்டு உறவை முறித்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே, 1987 பிப்ரவரியில், கியூபெக் நகரில் என்.ஹெச்.எல். நட்சத்திர அணியும் சோவியத் தேசிய அணியும் இரண்டு ஆட்டங்கள் ஆடி ஆளுக்கொன்று ஜெயித்தன. செப்டம்பரில் கனடா கோப்பையின் இறுதித் தொடரில் மூன்று ஆட்டங்கள், மூன்றுமே 6-5. ஐஸ் ஹாக்கியின் மிகச் சிறந்த ஆட்டங்கள் எவை என்று கேட்டால் பலர் அந்த மூன்றையும் சொல்வார்கள். நல்ல நடுவர்களும் ஜெயிக்க வேண்டிய காரணமும் இருந்தால் இந்த இரண்டு நாடுகளும் எப்படி ஆடும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

பையன்கள் வளர்ந்தார்கள். 1987 ஜூனில் என்.ஹெச்.எல். அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த டுர்ஜோன், இரண்டாவது ஷானஹன். டுர்ஜோன் 515 கோல் போட்டு ஓய்வு பெற்றார், 2023-இல் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். சோவியத் யூனியன் சரிந்த பிறகு அந்தப் பக்கத்துப் பையன்களும் வட அமெரிக்காவுக்கு வந்தார்கள். டாவிடோவ் வந்தார், செலெபுகின் வந்தார், அலெக்சாண்டர் மொகில்னியும் செர்கெய் ஃபெதரோவும் அதற்கு முன்பே தப்பி வந்து நட்சத்திரங்களானார்கள். 1997 ஜூனில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி என்.ஹெச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அந்த அணியில் ஷானஹன், ஃபெதரோவ், கான்ஸ்தான்தினோவ் மூவரும் ஒரே சட்டையில் ஆடினார்கள். பத்தாண்டுக்கு முன் எதிரெதிர் பெஞ்சில் இருந்தவர்கள். கோப்பை வென்ற ஆறாவது நாளில் கார் விபத்தில் சிக்கிய கான்ஸ்தான்தினோவ் மறுபடி ஆடவே முடியாத நிலைக்குப் போனார்.

பியெஷ்டியானி ஆட்டம் மறுபடி ஆடப்படவில்லை. பத்து ஆண்டுக்குப் பிறகோ முப்பது ஆண்டுக்குப் பிறகோ அந்தத் தீர்ப்பை யாரும் திறந்து பார்க்கவும் இல்லை. ஃபின்லாந்தின் தங்கத்தைத் திருப்பிக் கேட்க ஒரு காரணமும் இல்லை, அந்த அணி ஏழு ஆட்டத்தில் ஒன்றில் மட்டும் தோற்று அதைச் சம்பாதித்தது. ஆனால் வெய்ட்டும் டுர்ஜோனும் அந்த இரவு எந்த விதியையும் மீறவில்லை என்று கூட்டமைப்பு ஒரு வரி எழுதியிருக்கலாம். இப்போது எழுதினாலும் தாமதமில்லை.